ஊசி முனையில் பூத்த தொழில்நுட்பம்



குரோஷா பின்னல் என்றதும் நம்மில் பலபேர் உதட்டைப் பிதுக்குகிறோம். "அதெல்லாம் பொழுது போகாதவங்க வேலைப்பா!" என்கிறோம். அதே வாயால், "எனக்கும் ஒரு கீ-செயின் பூ போட்டுக் குடேன்" என்று கேட்கவும் செய்கிறோம். காசு? அதை மட்டும் கேட்கக் கூடாதாம்! லேத்தில் கடைந்தால் தொழில், ஊசியில் பின்னினால் பொழுதுபோக்கு. இந்தப் பாகுபாடு சரிதானா? சரியில்லை என்பதே என் கட்சி.

முதலில் வேலையைப் பார்ப்போம். நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசி, ஒரே நூல். நான்கு செயின் போட்டு வளையமாக இணைக்க வேண்டும். வளையத்துக்குள் பத்து சிங்கிள் குரோஷே. அடுத்த சுற்றில் இரண்டு செயின், அடுத்த கண்ணில் மூன்று டபுள் குரோஷே, மறுபடி இரண்டு செயின், அதற்கடுத்த கண்ணில் ஒரு ஸ்லிப் ஸ்டிச். இது ஓர் இதழ். இதையே ஐந்து முறை செய்தால் பத்துக் கண்ணும் தீர்ந்து ஐந்து இதழ்ப் பூ மலர்ந்துவிடும். இதை எழுதிப் பாருங்கள். லூப் உள்ள ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் மாதிரியே இருக்கும்!

இங்கும் நம்ம டிராயிங் வகுப்புத் தலைவலி உண்டு. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் ஆங்கிலேயர்கள் டபுள் குரோஷே என்கிறார்கள். எந்த முறை என்று பார்க்காமல் பின்னினால், ஃபர்ஸ்ட் ஆங்கிள் படத்தைத் தேர்ட் ஆங்கிள் என்று படித்த கதைதான். மேலே சொன்ன பூ அமெரிக்க முறையில் சொன்னது.

மெட்டீரியல் அறிவும் வேண்டும். காஸ்டிக் சோடாவில் பக்குவப்படுத்திய மெர்சரைஸ்டு பருத்தி நூலில் பின்னினால் இதழ் பளபளப்பாக, விறைப்பாக நிற்கும். கம்பளி நூலில் அதே பூ பஞ்சு போல் உப்பிவிடும். அக்ரிலிக் விலை குறைவு, நிறம் அதிகம். ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் போச்சு! மெல்லிய நூலுக்கு ஒன்றேகால் மில்லி மீட்டர் ஊசி, கம்பளிக்கு நான்கு மில்லி மீட்டர். நூலை விரலில் பிடிக்கும் இறுக்கம் கொஞ்சம் மாறினாலும் பூவின் அளவு மாறிவிடும். ஒரே அளவில் ஐம்பது பூ பின்னுகிறவரின் விரலில் டாலரன்ஸ் இருக்கிறது என்று அர்த்தம்.

கணக்கு இல்லையா என்கிறீர்களா? சிங்கிள் குரோஷேயில் 6, 12, 18, 24 என்று சுற்றுக்கு ஆறு கூட்டினால் வட்டம் தட்டையாக வரும். குறைத்தால் கிண்ணமாகக் குவியும். 6, 12, 24, 48 என்று இரட்டித்தால் கார்னேஷன் பூப்போல ஓரம் சுருண்டுகொள்ளும். அந்தச் சுருளுக்குப் பெயர் ஹைப்பர்பாலிக் தளம். காகிதத்தில் செய்த மாதிரிகள் கிழிந்துபோனதால், 1997-ல் கார்னெல் பல்கலைக்கழகக் கணித ஆசிரியை டைனா டைமினா அதைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். மாணவர்கள் அதைக் கையால் தொட்டு, மடித்துப் பார்த்துப் படித்தார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நிட்டிங்குக்கு ஆலை இயந்திரம் உண்டு. திருப்பூரில் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. ஆனால் கைப்பின்னல் குரோஷாவை அப்படியே பின்னித் தள்ளும் ஆலை இயந்திரம் இன்னும் வரவில்லை. ஆராய்ச்சிக்கூட முயற்சிகளோடு நிற்கிறது. அப்படியானால் கடையில் தொங்கும் ஒவ்வொரு குரோஷா பூவையும் எங்கோ யாரோ ஒருவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கையால் பின்னியிருக்கிறார். அது ரொம்ப மலிவாகக் கிடைக்கிறதென்றால், மலிவானது எது? நூலா, அவர் உழைப்பா?

வரலாறு பதில் சொல்கிறது. 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது, ரோஜாவும் இலையுமாகத் தனித்தனியே பின்னி வலைப்பின்னலால் இணைத்த ஐரிஷ் குரோஷா பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது. நம் பக்கத்து ஆந்திராவில், மேற்குக் கோதாவரி மாவட்டம் நரசாபுரத்தில், மிஷனரிகள் கொண்டுவந்த இந்தக் கலை ஏற்றுமதித் தொழிலாகவே வளர்ந்தது. அங்கு ஆய்வு செய்த மரியா மீஸ் 1982-ல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை உடைத்தார். பின்னும் பெண்களைத் தொழிலாளி என்று சொல்லாமல், ஓய்வு நேரத்தில் ஊசி பிடிக்கும் இல்லத்தரசி என்று சொன்னதே கூலியைக் கீழே அமுக்கி வைத்தது. பார்த்தீர்களா? "பொழுதுபோக்கு" என்ற ஒரு வார்த்தைக்கு எவ்வளவு விலை!

"அப்போ பொண்ணுங்களை மறுபடியும் ஊசி நூலுக்கே அனுப்பச் சொல்றியா?" என்று ஒரு தோழி கேட்கலாம். நியாயமான கேள்வி. நிச்சயமாக இல்லை! மெக்கானிக்கல் படிக்கும் பெண் லேத்திலேயே நிற்கட்டும். பின்னத் தெரிந்தவர், பெண்ணோ ஆணோ, தன் வேலைக்கு உரிய கூலி பெறட்டும் என்றுதான் சொல்கிறேன்.

எஸ்டிமேஷன் பாடத்தை இங்கே கொஞ்சம் பயன்படுத்துங்கள். ஒரு பூவுக்கு இருபது நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு மூன்று பூ. பத்து ரூபாய்க்குப் பேரம் பேசினால் மணிக்கு முப்பது ரூபாய். அதிலும் நூல் காசு போக வேண்டும்! அந்தக் கூலிக்கு நாம் போவோமா?

ஆகவே நண்பர்களே, அடுத்த கண்காட்சியில் நம் புராஜெக்ட் மேஜைகளுக்குப் பக்கத்தில் ஒரு பின்னல் மேஜையும் போடுவோம். ஒவ்வொரு பூவின் கீழும் நூல் விலை இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று எழுதி வைப்போம். பசங்களும் ஊசியைப் பிடித்துப் பார்க்கட்டும், நாலு செயின் போடுவதற்குள் மரியாதை தானாக வரும். இனி யாரிடமாவது "ஒரு பூ போட்டுக் குடேன்" என்று கேட்கும்போது, "எவ்வளவு ஆகும்?" என்பதையும் சேர்த்தே கேட்போம்!