மெலிந்த பிள்ளைக்குக் குறைந்த உணவா?

"மெலிந்த பிள்ளைக்குச் சின்ன வயிறு, கொஞ்சம் கஞ்சி போதும்" என்று சொல்வோர் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். "தாய்க்கு வளர்க்கத் தெரியவில்லை" என்று பெண்கள் மேல் பழி போடும் மேலதிகாரிகளும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சும் தவறு என்கிறோம். கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் அதைக் கணக்கைக் கொண்டே காட்டுவோம்.

மரம் சீவும் தொழிலாளிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கலோரி வேண்டும். ஆறு மாதக் குழந்தைக்கோ கிலோவுக்குச் சுமார் 80 வேண்டும். கத்தி பிடிக்காத, வாளி தூக்காத பிள்ளைக்கு ஏன் இரு மடங்கு? சிறிய உடல் சூட்டை விரைவில் இழக்கிறது. படுத்துக் கிடக்கும்போது ஆகும் செலவில் பாதிக்கு மேல் மூளை ஒன்றே எடுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு உடல் வளரவும் வேண்டும்.

வரவு குறைந்தால் என்ன ஆகும்? கடனில் விழுந்த குடும்பத்தைப் போல உடல் ஒவ்வொன்றாய் வெட்டுகிறது. விளையாட்டு நிற்கிறது, வளர்ச்சி நிற்கிறது, கொழுப்பும் தசையும் கரைகின்றன. கடைசியில் உள்ளுறுப்புகளின் வேலையே குறைகிறது. உடம்பு சில்லிடுகிறது, இரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது, பிள்ளை அழாமல் கிடக்கிறது. "சாதுவான பிள்ளை" என்று மெச்சுகிறார்கள்! அழுவதற்கும் தெம்பில்லாத பிள்ளை அது.

அப்படிப்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று வயிறு முட்ட ஊட்டுவதும் ஆபத்து. தளர்ந்த இருதயம் தாங்காது. மருத்துவமனையில் முதல் நாட்களில் கிலோவுக்கு 100 கலோரி அளவில், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும் சிறிது சிறிதாகக் கொடுக்கிறார்கள். பசி திரும்பிய பின் 150 முதல் 220 வரை உயர்த்துகிறார்கள். புதிதாக ஒரு கிராம் சதை பிடிக்கச் சுமார் 5 கலோரி செலவாகிறது. 5 கிலோ பிள்ளை நாளுக்கு 50 கிராம் ஏறவேண்டுமானால், வழக்கமான தேவைக்கு மேல் 250 கலோரி வேண்டும். ஆக, தேறி வரும் மெலிந்த பிள்ளைக்குத்தான் கூடுதல் உணவு! இரண்டு கால்களும் வீங்கியிருந்தால், "சதை போட்டிருக்கிறது" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

வாளி நிறைந்தாலும் தண்ணீர் கலந்த பாலுக்கு மெட்ரோலாக் என்ன காட்டும் என்பது நமக்குத் தெரியும். நீர்க்கஞ்சியும் அப்படித்தான்: வயிறு நிறையும், சத்து ஏறாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலோடு கெட்டிக் கஞ்சி, பருப்பு, முட்டை, நெத்திலி. ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் சுமார் 40 கலோரி கூடும்.

சீனி சேர்த்த டின் பால் குழந்தை உணவே அல்ல. 1939-ஆம் ஆண்டிலேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், குழந்தைகளுக்குப் பொருந்தாத பாலைப் புகுத்துவதைக் கொலை என்றே சாடினார்.

இவ்வளவும் தெரிந்த தாய்க்கும் நேரம் வேண்டாமா? இரண்டு மணிக்கு ஒருமுறை ஊட்டவேண்டிய பிள்ளை ஆயாக் கொட்டகையில், தாயோ நிரையில். இறங்கி வந்தால் அன்றைய எடை குறையும், எடை குறைந்தால் கூலி குறையும். 2023 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது, வரவேற்கிறோம். ஆனால் ஆறு மாதம் முடிய இன்னும் 12 வாரம் இருக்கிறதே! அந்த 12 வாரத்துக்கு யார் பொறுப்பு?

இது நம் லயத்துக் குறை மட்டுமல்ல. 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஐந்து தாய்மாரில் ஒருத்திக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று எவராவது சொல்லத் துணிவாரா?

எனவே நாம் கேட்பது இவை: பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் கூலி பிடிக்காத இடைவேளை, ஆயாக் கொட்டகையில் கெட்டியான, சத்துள்ள உணவு, மாதந்தோறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எடை பார்த்துப் பதியும் ஏடு.

தோட்டத்தில் பாலை நாள்தோறும் நிறுக்கத் தராசு இருக்கிறது, எழுதக் கிராணி இருக்கிறார். பிள்ளையை நிறுக்க மட்டும் ஏன் இல்லை? தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.