யார் செய்த பாவம்?



சில காலத்துக்கு முன் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தேன். செபம் முடிந்ததும் அவ்வீட்டுத் தாய், நடையும் பேச்சும் பிந்திய தம் பிள்ளையை அறைக்குள்ளிருந்து தூக்கிவந்து, "இது யார் செய்த பாவம், சுவாமி?" என்று கேட்டார். பிள்ளையைத் திருப்பலிக்கு அழைத்து வருவதை அவர் நிறுத்தியிருந்தார். நம்மவரின் பார்வையும் பேச்சுமே அதற்குக் காரணம். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகின்றேன்.

மருத்துவர்கள் கண்டறிந்த காரணம் பீற்றா கற்றெனின் எனும் புரதம் பற்றியது. இலத்தீனில் 'கதேனா' என்றால் சங்கிலி. அச்சொல்லிலிருந்தே ஜெர்மானிய ஆய்வாளர் றொல்ஃப் கெம்லரின் குழு 1989இல் இவ்வகைப் புரதங்களுக்குப் பெயரிட்டது. இப்புரதத்துக்குப் பணிகள் இரண்டு. கலத்தின் ஓரத்தில் நின்று அயற்கலத்தோடு பிணைக்கின்றது. வெளியிலிருந்து செய்தி வரும்போது கலக்கருவுக்குள் சென்று, உரிய பரம்பரையலகுகளை இயங்கச் செய்கின்றது.

கெம்லரும், நம் சூரிச் நகரின் லூக்காஸ் சொம்மரும், பிறரும் சேர்ந்து 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எலி முளையத்தின் மூளைப் பகுதியில் இப்புரதம் இல்லாதபோது நடுமூளையும் சிறுமூளையும் உருவாகவில்லை. முக எலும்புகளும் சீராக அமையவில்லை. மறுஆண்டு அமெரிக்காவில் செனும் வோல்சும் அதனை மிகுதியாக்கியபோது, இயல்பில் வழுவழுப்பான எலி மூளை பெருத்து மடிப்புற்றது. குறைந்தாலும் மிகுந்தாலும் மூளையின் வடிவம் மாறுகின்றது.

மனிதரில் இப்பரம்பரையலகின் இரு பிரதிகளில் ஒன்று பழுதுற்றால், அறிவு வளர்ச்சி தாமதமாகலாம், கால்தசைகள் விறைக்கலாம், தலை சிறுத்திருக்கலாம். 2012 முதல் மருத்துவ உலகு இதனை அறியும். பெரும்பாலான பிள்ளைகளில் அம்மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதன்று; புதிதாகவே நேர்வது. தாய் உண்டதோ உழைத்ததோ அழுததோ அதற்குக் காரணம் அன்று.

பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு சீடர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஆண்டவர் அவர்மீதும் பழி சுமத்தவில்லை, பெற்றோர்மீதும் சுமத்தவில்லை. நாமோ இன்றும் மண்டப வாசலில் நின்று முன்னோர் பாவம், சாபம், கண்ணூறு என்று பேசுகின்றோம்.

"இறைவன் ஏன் இதை அனுமதித்தார் என்று விஞ்ஞானம் சொல்லுமா?" என நீங்கள் கேட்கலாம். சொல்லாது. என்னிடமும் விடையில்லை. ஆனால் அந்த மௌனத்தை ஒரு தாயின் மேல் பழி போட்டு நிரப்ப நமக்கு உரிமையில்லை.

இந்த மௌனத்தால் இன்னுமோர் இழப்பும் உண்டு. இந்நாட்டின் ஐ.வி. காப்புறுதி, அங்கீகரிக்கப்பட்ட பிறவிக் குறைபாடுகளுக்கான மருத்துவச் செலவை 20 வயதுவரை ஏற்கின்றது. வெட்கத்தால் பிள்ளையை மறைப்போர் அவ்வுதவியையும் காலந்தாழ்த்தி இழக்கின்றனர். மொழி தெரிந்த இளையோரே, விண்ணப்பம் நிரப்ப ஒரு மாலைப்பொழுதை அவர்களுக்குக் கொடுங்கள்.

அடுத்த மரியாஸ்ரைன் யாத்திரைக்கு அத்தாயை நான் அழைத்திருக்கின்றேன். பிள்ளையோடு வருவதாகச் சொல்லியிருக்கின்றார். அவர் வரும்போது கேள்வி கேட்காதீர்கள். சக்கர நாற்காலிக்கு முன்வரிசையில் இடம் விட்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.