காஞ்சிப் பட்டும் கள்ளக்கவியும்

சென்ற பருவத்தில் எங்கள் கல்லூரியில் ஒரு புதிய தாளை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 'சட்டம், குற்றம், அறிவுசார் சொத்துரிமை: ஓர் அறிமுகம்' என்று அதற்குப் பெயர். சட்டம் படித்தவர் எவரும் எங்கள் ஆசிரியர் பட்டியலில் இல்லை. யாருக்கு வாரப் பாடவேளை குறைகிறதோ அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. தமிழ்த்துறைக்குக் குறைந்தது. யாப்பருங்கலக்காரிகை நடத்திக்கொண்டிருந்தவன் பதிப்புரிமையையும் புவிசார் குறியீட்டையும் நடத்தப் போனேன்.

வகுப்பில் பாதிப் பேர் தறி ஓடும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். பிள்ளையார்பாளையம், முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை என்று ஊர் சொல்லும்போதே தொழிலும் தெரிந்துவிடும். ஆகவே உதாரணத்துக்கு அலைய வேண்டாம் என்று மகிழ்ந்து, காஞ்சிபுரம் பட்டுக்கு 2005ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையோடு சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, அந்தச் சான்றிதழ் யார் பேர்ல இருக்கு?" அரசின் கைத்தறித் துறை விண்ணப்பித்தது, அதன் பெயரில் இருக்கிறது என்றேன். "அப்போ எங்கப்பாவுக்கு அதுல என்ன?" என்றாள். மணி அடித்துவிட்டது. அன்று மணி அடித்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அவளுக்கு என்னிடம் விடை இல்லை. பிறகு சட்டத்தை எடுத்துவைத்துப் படித்ததில் எனக்குப் புரிந்ததையே இங்கே எழுதுகிறேன்.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. உலக வணிக அமைப்பில் சேர்ந்த நாடு என்ற முறையில் நாம் இயற்றியாக வேண்டியிருந்த சட்டங்களுள் ஒன்று அது. மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை கொடுக்கப்பட்டு, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் போராடி 1997இல் அதை ரத்துசெய்ய வைத்த கதை அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. பாட்டி வைத்தியத்தைப் பிறர் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்ற பதற்றம் நமக்கு இருந்தது, நியாயமாகவே. நாட்டின் முதல் குறியீடு டார்ஜிலிங் தேயிலைக்குப் போயிற்று. பதிவகம் சென்னையிலேயே இருக்கிறது. காஞ்சிப் பட்டு முதல் சில விண்ணப்பங்களோடு சேர்ந்தே உள்ளே போய்விட்டது. பழனிப் பஞ்சாமிர்தம் 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த உரிமைக்கு மற்ற சொத்துகளுக்கு இல்லாத ஒரு தனிக்குணம் உண்டு. இதை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, எழுதிக் கொடுக்க முடியாது. ஊர்ப்பொதுக் குளம் போல என்று வகுப்பில் சொன்னேன். ஊரின் பெயரை ஊரில் அந்த முறைப்படி செய்கிறவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். குளத்தில் யார் யார் இறங்கலாம் என்பதற்கு 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று ஒரு பதிவேடு தனியாக இருக்கிறது. என் மாணவியின் கேள்விக்கு விடை அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. அதற்கு வருமுன், காஞ்சிப் பட்டில் காஞ்சியினுடையது எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. உள்ளூரிலும் அரசின் ஜரிகை ஆலை ஒன்று உண்டு. நெய்கிறவர்களிலோ தெலுங்கும் சௌராஷ்டிரமும் கன்னடமும் வீட்டில் பேசுகிறவர்கள் ஏராளம். ஆக மண்ணில் விளைந்தது என்று இதில் ஒன்றுமில்லை. ஊருக்கு உரியது ஒரு கைப்பழக்கம் மட்டுமே. கோர்வை என்று அதற்குப் பெயர். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், மூன்று நாடாக்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்க, இரு நிறமும் சந்திக்கும் இடத்தில் ஊடை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தால் பல்வரிசை போல ஒரு நெருடல் தெரியும். முந்திக்கு நிறம் மாறும்போது பாவு இழைகளையே ஒவ்வொன்றாகப் புதிய பாவோடு பிணைப்பார்கள். பெட்னி என்பார்கள் அதை. ஒரு வீட்டில் அரைநாள் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குக் கழுத்து வலித்தது. பார்த்தவனுக்கே அப்படி.

இப்படி நெய்ததைத் தவிர வேறெதையும் காஞ்சிபுரம் பட்டு என்று விற்பது வெறும் ஏமாற்று வேலை அன்று. அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பொய்யான புவிசார் குறியீட்டைப் பொறித்தாலோ, பொறித்ததை விற்றாலோ ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பிடியாணை இல்லாமலே சோதனையிடலாம். ஆனால் அதற்குமுன் பதிவாளரின் கருத்தைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்டுப் பெற்று வருவதற்குள் கடையில் முகூர்த்த வியாபாரம் முடிந்துவிடும் என்பது என் மாணவர்கள் உடனே சொன்ன விமர்சனம். இன்னொரு சட்டமும் இருக்கிறது. சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம். முதலில் இருபத்திரண்டு வகைகள். 1996இல் பதினொன்றாகக் குறைத்துவிட்டார்கள். விசைத்தறிக்காரர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

சட்டத்தில் குறை இல்லை என்று சொல்ல வருகிறேனா என்றால், இல்லை. புகார் கொடுக்க வேண்டியவர் யார் என்பதைப் பாருங்கள். பெரும்பாலான நெசவாளர் இன்று கூலிக்கு நெய்கிறார். நூலும் ஜரிகையும் டிசைனும் முதலாளி தருவது. சேலை முடிந்ததும் எடை போட்டுக் கொடுத்துவிட வேண்டும். அந்தச் சேலை எந்தக் கடையில், என்ன பெயரில், என்ன விலைக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. பக்கத்து அலமாரியில் விசைத்தறிச் சேலை அதே பெயரில் தொங்குவதும் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த பாவு வராது.

பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்' படம் இங்கே நினைவுக்கு வருகிறது. 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. மகளின் கல்யாணத்துக்கு ஒரு பட்டுச்சேலை நெய்ய ஆசைப்பட்ட நெசவாளி, பட்டிழையை வாயில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறான்; பிடிபட்டுச் சிறைக்குப் போகிறான். படத்தில் குற்றம் எது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இழை பொருள், திருடினால் எடை குறையும். பெயருக்கு எடை கிடையாது. காஞ்சிபுரம் என்ற சொல்லை ஒருவன் எடுத்துக்கொண்டால் எந்தத் தராசும் இறங்குவதில்லை.

டிசைன் கதை இன்னும் விசித்திரம். புதிய வடிவமைப்பை 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தால் பத்தாண்டு, நீட்டித்தால் இன்னும் ஐந்தாண்டு பாதுகாப்பு. பதிவு செய்யாமல், பதிப்புரிமை தானாகக் காப்பாற்றும் என்று இருந்தால், அந்த வடிவம் ஐம்பது தடவைக்கு மேல் பொருளில் பெருக்கப்பட்டவுடன் பதிப்புரிமை போய்விடும். மயில்கண், ருத்ராட்சம், வைரஊசி, தாழம்பூ ரேக்கு, அன்னபட்சி ஆகிய இவற்றையெல்லாம் யார் பதிவு செய்வது? யார் முதலில் போட்டது? கைலாசநாதர் கோயில் தூணில் யாளியைச் செதுக்கியவனுக்கும் கரையில் யாளியை ஏற்றியவனுக்கும் பெயர் இல்லை. சென்னையின் பெரிய துணிக்கடை ஒன்று 2008இல் ரவிவர்மா ஓவியங்களைப் பட்டில் நெய்வித்து ஏறக்குறைய நாற்பது இலட்சம் ரூபாய் விலையில் ஒரு சேலையை வெளியிட்டது. ரவிவர்மா பெயர் எல்லோருக்கும் தெரியும், கடைப் பெயர் தெரியும். தறியில் இருந்தவர்கள் பெயரை உங்களில் யாராவது சொல்ல முடியுமா?

பிறன் செய்ததை எடுத்துக்கொள்வது பற்றி நம் மரபில் பேச்சே இல்லை என்று சட்டப் புத்தகங்கள் எழுதுகிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டியல் நூல்கள் கள்ளக்கவி என்று ஒருவனைத் தனியே வகுத்து வைத்திருக்கின்றன. பிறர் பாட்டைத் தன் பாட்டென்று சொல்கிறவன். அதே மரபில்தான் நன்னூல், முன்னோர் சொல்லை அப்படியே எடுத்தாள்வதைப் போற்றுதல் என்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே? யாருடையது என்பதை மறைத்தால் களவு, மறைக்காவிட்டால் மரபு. இதைத்தான் நான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். மயில்கண்ணை யாரும் போடலாம், விசைத்தறியும் போடலாம். விசைத்தறியில் போட்டேன் என்று சொல்லி விற்கட்டும், வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஐந்தாயிரம் ரூபாய்க்குக் கல்யாணச் சேலை எடுக்கும் வீட்டைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. என் தங்கைக்கு எடுத்ததும் அப்படித்தான். கைத்தறி என்று நம்பி எடுத்தோம், கரையில் விரல் வைத்துப் பார்க்க அப்போது எனக்குத் தெரியாது.

(இதை நடத்தும்போது ஒரு மாணவன் கையிலிருந்த பாடநூல் முழுவதும் நகல் எடுத்தது. வகுப்பே சிரித்தது. பாடநூல் பகுதிகளை மாணவர்களுக்காக நகலெடுத்துத் தொகுப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் விதிவிலக்கில் அடங்கும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் சொன்னதை எடுத்துக்காட்டி அவனைக் காப்பாற்றினேன். என்னையும்தான்.)

எழுதுகிறவர்களுக்கு நாம் ஒரு நல்ல வழி கண்டிருக்கிறோம். பாரதியின் எழுத்துகளை 1949இல் அரசு வாங்கிப் பொதுவாக்கியது. இதே ஊரில் பிறந்த அண்ணாவின் நூல்கள் 1995இல் நாட்டுடைமையாயின. உரிமை பொதுவானது, பெயர் அவர்களுடையதாகவே நின்றது. நெசவில் நேர்மாறு. உரிமையும் பொதுவில் இருக்கிறது, பெயரும் இல்லை. பாசுரத்தை யார் ஓதுவது என்பதற்கே நூறாண்டுக்கு மேல் நீதிமன்றம் ஏறி இறங்கிய ஊர் இது. உத்தம சோழனின் செப்பேடு காஞ்சியின் நான்கு சேரி நெசவாளர்களைச் சேரிப் பெயரோடு குறித்து, கோயில் காரியத்தை அவர்களிடம் ஒப்படைக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு கணக்குக் கேட்கும் இடத்தில் இருந்தவர்கள், இன்று தம் சேலை எங்கே போயிற்று என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறார்கள்.

இனி அந்தப் பதிவேடு. அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு பெற உற்பத்தியாளராக இருக்க வேண்டும். சட்டம் உற்பத்தியாளர் யார் என்று விளக்கும் இடத்தை நான் மூன்று முறை படித்தேன். கைவினைப் பொருளைச் செய்கிறவர் உற்பத்தியாளர். அதை வாங்கி விற்கும் வணிகரும் அதில் அடங்குவார். வரையறையிலேயே இருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்துவிட்டார்கள். எழுதப்படிக்கத் தெரிந்தவரும், சென்னைக்கு ஆள் அனுப்ப வசதி உள்ளவரும் முதலில் பதிந்துகொள்வார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. குறியீட்டுச் சட்டத்தில் திருத்த வேண்டிய வரி ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். வணிகர் இருக்கட்டும், வேறு பெயரில், வேறு ஏட்டில். சேலையின் சீட்டில் நெய்தவர் பெயரும் இருக்க வேண்டும் என்பது அடுத்தது. மாம்பழக் கூடையில் தோட்டத்தின் பெயரை ஒட்டுகிறவர்களுக்கு இது முடியாத காரியம் அல்ல.

திருத்தம் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. 2020இல் விதிகளைத் திருத்தி, பயனர் பதிவுக் கட்டணத்தைப் பத்து ரூபாயாகக் குறைத்திருக்கிறார்கள். எனவே பருவத்தின் கடைசி இரண்டு வாரம் கட்டுரைப் பயிற்சியை விட்டுவிட்டு, விண்ணப்பப் படிவத்தை வகுப்பிலேயே தமிழாக்கி, வீட்டில் யார் தறியில் இருக்கிறார்களோ அவர்கள் பெயரில் நிரப்பி வரச் சொன்னேன். மதிப்பெண் உண்டு என்றும் சொன்னேன். இல்லாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

அந்த மாணவியின் படிவம் மட்டும் பாதியில் நின்றது. காரணம் கேட்க, வீட்டுக்கே வாருங்கள் என்றாள். அவள் தந்தை குழித்தறியிலிருந்து கால் எடுக்காமலே பேசினார். நிரம்பாத இடம் 'உற்பத்தியாளர்' என்ற கட்டம். "அது முதலாளிங்க சார். நான் கூலிதானே" என்றார். சட்டப்படி நீங்களும் உற்பத்தியாளர்தான் என்று விளக்கினேன். நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார். படிவத்தைக் கையில் வாங்கி, மகளைப் படிக்கச் சொல்லி, மறுபடியும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுல கையெழுத்துப் போட்டா முதலாளிக்கு லெட்டர் போகுமா சார்?" என்றார். போகாது என்றேன். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மகளிடம் பேனாவை வாங்கிக்கொண்டார்.