35 வயதில் ஒரு காலைநேரம்
வரிப்பத்தான்சேனை மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்பின் உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் தங்கைமாருக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் வாப்பாமாருக்கும் காக்காமாருக்கும்,



நம் ஊரில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சி என்றதும் வீடே அவளைச் சுற்றி இயங்குகிறது. மிட்வைஃப் வீடு தேடி வருகிறார். வயல் வேலையை விட்டாவது கணவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறார். இரத்தம், பிரஷர், சீனி எல்லாம் பார்க்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகும் ஊசிக்காக அங்கே போய் வருகிறோம். கடைசிப் பிள்ளையின் ஊசி முடிந்ததும் கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் போய்விடுகிறது. அதன் பிறகு அவளுக்குப் பிரஷர் எவ்வளவு என்று கேட்க வீட்டில் ஆளில்லை.

உண்மையில் பெண்ணின் உடம்பைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய காலம் அப்போதுதான் தொடங்குகிறது. கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். மார்பகப் புற்றுநோய்தான் இலங்கைப் பெண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய்.

இதற்காகவே 1996 முதல் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. 'வெல் வுமன் கிளினிக்' என்று சொல்வதும் இதைத்தான். பிரஷர், சீனி, நிறை பார்ப்பார்கள், மார்பகத்தைப் பரிசோதிப்பார்கள், கருப்பைக் கழுத்துக்குப் பப் பரிசோதனை செய்வார்கள். ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. 35, 45 வயதுப் பெண்களை முக்கியமாக அழைக்கிறார்கள். அந்த இரண்டு வயதுக்கும் காரணம் உண்டு. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றி, கலங்கள் மெல்ல மாறி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 10 முதல் 20 வருடங்கள் எடுக்கும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் புற்றுநோய் ஆகுமுன்னரே சுகப்படுத்தலாம்.

வட்டையில் நாம் செய்வதும் இதுதானே? அறக்கொட்டிப் பூச்சி விழுந்து வயல் கருகும்வரை எவரும் வீட்டில் இருப்பதில்லை. பயிர் பச்சையாக நிற்கும்போதே வரம்பில் இறங்கி, நெல்லின் அடியை விலக்கிப் பார்க்கிறோம். உடம்பை மட்டும் நோவு வந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறோம். புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது. நோவு வந்த பிறகு மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவுப் பஸ் ஏறுவதைவிட, நோவு இல்லாத நாளில் ஊர்க் கிளினிக்குக்குப் போவது எவ்வளவோ லேசு.

நம்மைத் தடுப்பது தூரமல்ல, வெட்கம். அதையும் மறைக்காமல் பேசுவோம். பப் பரிசோதனை சில நிமிட வேலை. மறைவான இடத்தில், துணியால் போர்த்தித்தான் செய்வார்கள். பெண் ஒருவர்தான் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை. மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துப் போங்கள். எச்.பி.வி. பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது தொற்றி, தானாகவே மறைந்துபோகும் வைரஸ். அதை வைத்து எவருடைய நடத்தையையும் எடைபோடுவது அநியாயம். திருமணமாகாத பெண்களும் மார்பகம், பிரஷர், சீனி பார்க்கப் போகலாம். மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது எதுவென்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டார் அல்ல.

ஆகவே நாங்கள் கேட்பவை நான்கு:

35 வயதைத் தாண்டிய ஒவ்வொரு பெண்ணும் தன் பகுதி மிட்வைஃபிடம் கிளினிக் நாளைக் கேட்டு, தனியே போகத் தயங்கினால் அயல்வீட்டு ராத்தாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

20 வயதைத் தாண்டியவர்கள் மாதத்துக்கு ஒரு தடவை தம் மார்பகங்களைத் தாமே தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டி, தோல் சுருக்கம், முலைக்காம்பில் நீர் அல்லது இரத்தம், எது கண்டாலும் அதே வாரம் காட்டுங்கள்.

பாடசாலையில் ஆறாம் ஆண்டு மாணவிகளுக்கு 2017 முதல் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசிக்கு, சம்மதப் படிவத்தில் தயங்காமல் கையொப்பமிடுங்கள். ஊசி போட்ட மகளும் வயது வந்ததும் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் உலமாக்களும் கிளினிக் நாளை ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். நோய்க்கு மருந்து தேடச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. இந்த அறிவிப்பில் கூச்சப்பட எதுவுமில்லை.

கடைசியாக, ஆண்களுக்கு ஒரு வார்த்தை. நம் பகுதியில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். அந்த வீட்டில் சமையலும் பிள்ளைகளும் வயதான உம்மாவும் ஒருத்தியின் கையில் இருக்கும்போது, "போய்ப் பாரேன்" என்று சொல்வதால் மட்டும் அவள் போய்விட முடியாது. ஒரு காலைநேரம் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது, அன்று அவளைப் பிள்ளைத்தாய்ச்சியாக ஏற்றிப்போன அதே மோட்டார் சைக்கிளை எடுங்கள். இம்முறை அவளுக்காக மட்டும்.

இவ்வண்ணம்,
வரிப்பத்தான்சேனைப் பெண்கள் சிலர்