பலகையில் இல்லாத முகம்

குழந்தைகளைக் காக்கச் சொல்லும் விளம்பரம் வேண்டாமென்பார் யாருமிலர். ஆனால், குழந்தையைக் காட்டி யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

கடையநல்லூரில் தறியோசை தேய்ந்த வீடுகளில் பீடித்தட்டு குடிபுகுந்தது பழைய கதை. அத்தெருவொன்றின் முனையில் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புப் பலகையொன்றைக் கண்டேன். தட்டை மடியில் வைத்த தாய். அருகே வாடிய முகத்தோடு சிறுமி. மேலே இரட்சகராகப் புன்னகைக்கும் தலைவர். (அரசு விளம்பரங்களில் இத்தகைய படங்களுக்கு 2015இல் உச்ச நீதிமன்றம் கடிவாளமிட்டது; மறு ஆண்டே முதலமைச்சர், அமைச்சர் படங்களுக்கு வழிவிட்டது!) 1996இல் மும்பையில் தெருக் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட 1098 என்னும் உதவி எண்ணோ, மூக்குக்கண்ணாடி போட்டுத் தேடவேண்டிய அளவில்.

படத்தில் இல்லாதவர் யார்? இலையும் தூளும் நிறுத்துக் கொடுக்கும் பீடிக்கடைக்காரர் இல்லை. அவருக்கு மேலிருக்கும் முதலாளி இல்லவே இல்லை. கூலி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது. அக்கணக்கு பீடியை எண்ணும். எத்தனை கைகள் சுற்றின என்று எண்ணாது. தாயின் இரு கைகளுக்கு எண்ணிக்கை எட்டாதபோது, பள்ளிவிட்டு வந்த மகள் முனை மடக்கவும் நூல் கட்டவும் உட்காருகிறாள்.

சட்டமும் படத்தில் இல்லை. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி சுற்றுதலைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. சேர்த்த கையாலேயே, குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கும் அளித்தது. வேலையை வீட்டுக்குள் தள்ளிவிட்ட முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 2016இல் திருத்தியபோதும், ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் உதவலாமென்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தார்கள். விலக்கின் பலனை உண்டவர் எங்கோ இருக்க, பலகையில் நிற்பவள் தாய்.

நாள்தோறும் காணும் படம் ஊரின் பெயராகிவிடுகிறது. வெளியூரார் நம்மை அவ்வாறு அறிவது ஒருபுறமிருக்கட்டும். நம் பெண்களே தம்மை அவ்வாறு அறியத் தலைப்படுகிறார்களே, அதுவன்றோ கொடுமை! குற்றவாளியாக வரையப்பட்டவள் 1098ஐ அழைப்பாளா? கதவைத்தான் சாத்துவாள். சிறுமி உள்ளே இருக்கிறாள்.

நம்மவரிடமும் ஒரு சொல். ஊர் மானம் போயிற்றென்று பலகையைக் கிழிக்கத் துடிக்கும் பெரியவர்கள், கூலி உயர்வு கேட்டு ஒருநாளேனும் பீடிக்கடை வாசலில் நின்றதுண்டா? கிழிக்க வேண்டாம். தலைவரைச் சிறிதாக்கி, எண்ணைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். ஆயிரம் பீடிக்கு அத்தாயின் கைக்கு வருவது எவ்வளவென்பதையும் அருகிலேயே எழுதச் சொல்லுங்கள்.