இன்னும் எத்தனை காலம் கடைப் பையனாகவே?

 

நம் சமுதாயத்தில் உழைப்புக்குப் பஞ்சமில்லை. காலையில் கடைக் கதவைத் தூக்கி, இரவு பத்து மணிக்கு இறக்குகிறவன் நம் பிள்ளை. ரியாதிலும் துபாயிலும் தோஹாவிலும் ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுத்து எழுந்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவனும் நம் பிள்ளைதான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்பதே இல்லை. இருபது வயதில் சேல்ஸ்மேனாக விமானம் ஏறியவன் நாற்பது வயதிலும் சேல்ஸ்மேனாகவே திரும்பி வருகிறானே, ஏன்?

வீடு கட்டினான். தங்கைகளுக்குத் திருமணம் முடித்தான். அல்ஹம்துலில்லாஹ், அது சாதாரண காரியமல்ல. ஆனால் முதல் வருடம் கற்றுக் கொண்ட வேலைக்கு மேல் அவன் எதையும் கற்கவில்லை. அவனுக்குக் கற்றுக் கொடுக்கவும் யாரும் முன்வரவில்லை. கேட்டால், "எல்லாம் நஸீப்" என்று ஒரு வார்த்தையில் முடித்து விடுகிறோம். விதியை நம்புவது ஈமான். விதியின் மீது பழியைப் போட்டுவிட்டு முயற்சியைக் கைவிடுவதற்கு ஈமான் என்று பெயரல்ல!

வளைகுடா சொல்லும் பாடம்

1990 ஆகஸ்டில் ஈராக் படைகள் குவைத்தில் நுழைந்தபோது ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்கள் அளவில் போட்டது போட்டபடி ஊர் திரும்பினார்கள். பணத்தையும் பொருளையும் விட்டு வந்தார்கள். தொழில் தெரிந்தவனின் தொழில் மட்டும் அவனோடு கூடவே வந்தது.

2011-ல் சவூதி அரேபியா நிதாகத் சட்டத்தைக் கொண்டு வந்தது. 2016 செப்டம்பரிலிருந்து செல்போன் விற்பனையும் பழுது பார்ப்பும் சவூதி குடிமக்களுக்கு மட்டுமே என்று ஆக்கப்பட்டது. அது அவர்கள் நாடு, அவர்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். அதில் நாம் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் கவுண்டரில் நின்று விற்க மட்டுமே தெரிந்தவன் இறங்கி வருவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கொள்முதல் தெரிந்தவனுக்கும், கணக்கு எழுதத் தெரிந்தவனுக்கும், குடோன் நிர்வாகம் தெரிந்தவனுக்கும் வேறு கடையோ வேறு கம்பெனியோ கேட்டுப் போக ஒரு வழி இருந்தது.

2021 மார்ச்சில் அதே சவூதியில், ஒரு வருடம் வேலை செய்தவர் சில நிபந்தனைகளுடன் கஃபீலின் சம்மதமில்லாமலே வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்ற சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. வீட்டு டிரைவர், வீட்டு வேலைக்காரர் போன்றோர் அதில் சேர்க்கப்படவில்லை. மற்றவர்களுக்குக் கதவு திறந்தது. ஆனால் கையில் என்ன தகுதியை வைத்துக் கொண்டு அந்தக் கதவு வழியாகப் போவது?

நல்ல பையன் என்றால் போதுமா?

மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி ஒரு பெண் தன் தந்தையிடம் சிபாரிசு செய்த செய்தியைத் திருக்குர்ஆன் சொல்கிறது. அந்தப் பெண் இரண்டு தகுதிகளைச் சொன்னார். ஒன்று வலிமை, மற்றது நம்பகத்தன்மை. நாம் இரண்டாவதை மட்டும் பிடித்துக் கொண்டோம். "தொழுகையாளி, நல்ல பையன், கல்லாவில் கை வைக்க மாட்டான்" என்று சிபாரிசு செய்கிறோம். வேலை தெரியுமா என்று கேட்பதில்லை.

அபூதர் (ரலி) அவர்களைவிடவா நாம் நல்லவர்கள்? அவர்கள் ஒரு பதவியைக் கேட்டபோது, பதவி ஓர் அமானிதம், அதைச் சுமக்கும் வலு உம்மிடம் இல்லை என்ற பொருள்பட நபி (ஸல்) அவர்கள் மறுத்து விட்டார்கள். அந்த நபித்தோழரின் இறையச்சத்தில் குறையில்லை. நிர்வாகத் திறமை என்பது தனியாக ஒன்று. அது உள்ளவரிடம்தான் நிர்வாகத்தைத் தர வேண்டும், இல்லாதவர் அதைப் பழகிக் கொள்ள வேண்டும்.

பழகிக் கொண்டவருக்கும் உதாரணம் உண்டு. யூதர்களின் கடிதங்களைப் படிக்க ஆள் தேவைப்பட்டபோது இளைஞராக இருந்த ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை அந்த எழுத்தைக் கற்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பதினைந்தே நாளில் அவர்கள் கற்று முடித்ததாக ஹதீஸில் வருகிறது. மக்காவில் அனைத்தையும் விட்டுவிட்டு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவருக்காகத் துஆச் செய்துவிட்டு அவர்கள் கேட்டது கடைத்தெருவுக்கு வழி! நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்றுத் தொடங்கியவர்கள்தான் பின்னர் பெரும் வணிகராக உயர்ந்தார்கள். கையில் காசில்லாவிட்டாலும் அவர்களிடம் தொழில் இருந்தது.

இளைஞனே, நீ செய்ய வேண்டியது

முதலில் கணக்கு. நீ நிற்கும் கடையின் வாடகை எவ்வளவு, மாத மின்கட்டணம் எவ்வளவு, எந்தச் சரக்கு ஆறு மாதமாக அலமாரியில் தூங்குகிறது, எவ்வளவு கடன் பாக்கி வெளியே நிற்கிறது? இது தெரியாமல் பத்து வருடம் நின்றாலும் நீ வியாபாரி ஆக முடியாது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. சரக்கு அனுப்பியவர் தன் கணக்கைச் சரியாகத் தாக்கல் செய்யாவிட்டால், உன் கடைக்குக் கிடைக்க வேண்டிய வரிக் கழிவு நின்றுவிடும். "அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக் கொள்வார்" என்கிறவர் நஷ்டம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் நஷ்டப்படுவார்.

இரண்டாவது மொழி. அரபு நாட்டில் பத்து வருடம் இருந்தவன் பேரம் பேசும் அரபியோடு நின்றுவிடக் கூடாது. ஒரு பில்லை, ஓர் ஒப்பந்தத்தை, ஒரு கடிதத்தைப் படித்துப் புரிந்து பதில் எழுதுகிற அளவுக்கு ஆங்கிலமும் அரபியும் வேண்டும்.

மூன்றாவது சான்றிதழ். பத்தாம் வகுப்பு தேறியவருக்குப் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி நிபந்தனை இல்லை. தேறாதவர் சவூதி, குவைத், அமீரகம் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அந்த அனுமதியைத் தனியே வாங்க வேண்டும். ஒரு சான்றிதழ் இல்லாததால் புறப்படும்போதே பின்தங்கி விடுகிறோம்! படிப்பை விட்டவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் இன்றும் எழுதலாம். ஒரு வேலையை விட்டு வரும்போது, என்ன பொறுப்பில், எத்தனை வருடம் இருந்தாய் என்பதை முதலாளியிடம் எழுத்தில் வாங்கிக் கொள். வாய்ச் சிபாரிசு அடுத்த ஊரில் செல்லாது.

நான்காவதுதான் முக்கியம். பொறுப்பைக் கேட்டு வாங்கு! சம்பளம் கூட்டிக் கேட்பதற்கு முன் வேலையைக் கூட்டிக் கேள். "பாய், இந்த மாதம் இருப்புச் சரக்கை எண்ணி எழுதுவதை என்னிடம் விடுங்கள்" என்று கேள். பிறகு ஒரு கம்பெனியின் கொள்முதலைக் கேள். அதைப் பிழையில்லாமல் செய்து காட்டிய பிறகு சம்பளத்தைப் பற்றிப் பேச உனக்கு வாய் வரும்.

தலைமை என்றால் மேடையில் மாலை வாங்குவது என்று நினைக்கிறார்கள். ரமளானில் முப்பது நாள் நோன்புக் கஞ்சிப் பொறுப்பை ஏற்றுப் பார். அரிசி கணக்கு, விறகு, சமையல்காரரின் சம்பளம், வராத ஆளுக்கு மாற்று ஆள், கோபப்படும் பெரியவர், பாங்குக்கு முன் கஞ்சி இறங்கியாக வேண்டிய கட்டாயம்! பெருநாள் முடிந்ததும் வரவு செலவை எழுதிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டு. நிர்வாகம் என்று எதைச் சொல்கிறார்களோ அது அத்தனையும் அந்த முப்பது நாளில் இருக்கிறது.

வணிகர்களே, உங்களுக்கும் சொல்ல வேண்டும்

பையன் கேட்டால் நீங்கள் தர வேண்டுமே! கொள்முதல் விலையைக் காட்ட மாட்டோம், மொத்த வியாபாரியின் பெயரைச் சொல்ல மாட்டோம் என்றால் அவன் எப்படி வளர்வான்? வேலைக்காரனை விடுங்கள். பட்டம் படித்துவிட்டு வந்த சொந்த மகனிடமே ஒரு செக்கில் கையெழுத்துப் போடும் உரிமையைத் தராத வாப்பாக்கள் எத்தனை பேர்? அதனால்தான் வாப்பா மவுத்தானதும் கடையின் கதவும் இறங்கி விடுகிறது.

இருபது வயதை எட்டாத உஸாமா (ரலி) அவர்களிடம் மூத்த தோழர்கள் நிறைந்த படையை நபி (ஸல்) அவர்கள் ஒப்படைத்தார்கள். சிலர் முணுமுணுத்தபோதும் மாற்றவில்லை. பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்கள் அந்தப் படையை அனுப்பி வைத்தபோது, உமர் (ரலி) அவர்களை மதீனாவில் வைத்துக் கொள்ள உஸாமாவிடமே அனுமதி கேட்டார்கள். கலீஃபா கேட்கிறார், ஓர் இளைஞரிடம்! பொறுப்பைக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் முன்னால் அவனை மறுத்துப் பேசுகிற முதலாளிகள் இதைச் சிந்திக்க வேண்டும்.

நம் காலத்துச் செய்தி ஒன்று. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்களுக்கு முன் வந்து தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலையில் அதே ராக்கெட் வெற்றி பெற்றபோது அவர் கலாமைப் பேசச் சொன்னார். இதைக் கலாம் அவர்கள் பல மேடைகளில் நன்றியோடு சொன்னார்கள்.

"தொழிலைக் கற்றுக் கொண்டு எதிரிலேயே கடை போட்டு விடுவானே?" என்று கேட்பீர்கள். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்தானே! அதற்கு ஷரீஅத்திலேயே வழியும் இருக்கிறது. முளாரபா என்ற கூட்டில் முதல் உங்களுடையது, உழைப்பு அவனுடையது. லாபத்தை முன்கூட்டியே பேசிய விகிதத்தில் பங்கிட வேண்டும். அவனுடைய கவனக்குறைவோ மோசடியோ இல்லாமல் நஷ்டம் வந்தால் பண நஷ்டம் உங்களுக்கு, உழைப்பு நஷ்டம் அவனுக்கு. இதை எழுதி, சாட்சி வைத்துக் கொள்ளுங்கள். பத்து வருடம் உங்களிடம் உண்மையாக இருந்தவன் எதிரில் கடை போடுவதைவிட, அடுத்த ஊரில் உங்கள் கடையின் கிளையை நடத்துவது இருவருக்கும் நல்லதல்லவா?

சகோதரர்களே! இந்த இதழைப் படித்து மடித்து வைத்துவிடாதீர்கள். இளைஞர்கள் இந்த மாதமே ஒரு பொறுப்பைக் கேளுங்கள். முதலாளிகள் இந்த மாதமே ஒரு பொறுப்பைக் கொடுங்கள். அடுத்த வருடம் இதே மாதம் இருவரும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். கடையும் வளர்ந்திருக்கும், ஆளும் வளர்ந்திருப்பான், இன்ஷா அல்லாஹ்!