ஆம்பூர் பாட்டிகளுக்குத் தெரிந்த பாக் மெட்டு! - சின்ன ஆர்கனும் தோல் துருத்தியும்

பெரிய வெள்ளிக்கிழமை மதியம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருக்கும் தேவாலயங்களுக்குப் போனால், மும்மணி ஆராதனையில் ஒரு பாட்டை அடிக்கடி கேட்கலாம். முள்முடி சூடிய தலையையும், இரத்தம் வழியும் காயங்களையும் நினைத்து உருகும் பாட்டு அது. பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே பாடுவார்கள் பாட்டிகள். அவர்களுக்கு அது 'நம்ம பாட்டு'.

ஆனால், அந்த மெட்டின் ஊர் ஜெர்மனி. உலகமே தலைமேல் வைத்துக் கொண்டாடும் இசைமேதை ஜோகன் செபாஸ்டியன் பாக், அதே மெட்டைத் தன் படைப்புகளில் திரும்பத் திரும்பக் கையாண்டிருக்கிறார். ஆர்கனில் வாசிப்பதற்கென்றே அதை வைத்து ஒரு குட்டிப் படைப்பும் எழுதியிருக்கிறார். ஆக, 'பரோக் இசையா, அது என்னமோ வெள்ளைக்காரன் சமாசாரம்' என்று தோல் நகரங்களில் யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. பாதி இசை ஏற்கெனவே இங்கே வந்து குடியேறிவிட்டது. மீதிப் பாதிதான் அந்தச் சின்ன பைப் ஆர்கன்.

காதல் பாட்டு சிலுவைப் பாட்டானது!

இந்த மெட்டின் கதை ஒரு சினிமாவுக்குச் சமம். 1601-ல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட காதல் பாட்டுக்கான மெட்டு இது. ஒரு பெண்ணை நினைத்து மனம் கலங்கிப்போன இளைஞனின் பாட்டு! பிறகு அதே மெட்டில் பக்திப் பாடல்களைப் பாட ஆரம்பித்தார்கள். 17-ம் நூற்றாண்டில் பால் கெர்ஹார்ட் எழுதிய சிலுவைப் பாடல் இந்த மெட்டோடு சேர்ந்ததும், காதல் கதை மறந்தே போய்விட்டது.

1727-ம் ஆண்டு பெரிய வெள்ளியன்று லைப்சிக் நகரில் பாக் அரங்கேற்றிய 'மத்தேயு பேஷன்' என்ற மாபெரும் படைப்பில் இந்த மெட்டு ஐந்து முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் அடியில் இருக்கும் ஸ்வரச் சேர்க்கையை மட்டும் மாற்றிக்கொண்டே போவார். அதே மெட்டுதான், ஆனால் ஒருமுறை ஆறுதல், ஒருமுறை பயம், கடைசியில் மரணத்தின் அமைதி.

தமிழுக்கு அது வந்த பாதையும் தெளிவானது. சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் படித்தது ஜெர்மனியின் ஹாலே நகரில். இன்னொரு இசைமேதை ஹேண்டல் பிறந்த அதே ஊர். ஹேண்டல் அங்கே இளம் ஆர்கன் கலைஞராக இருந்ததற்கும் சீகன்பால்க் படிக்க வந்ததற்கும் இடையே பெரிய இடைவெளிகூட இல்லை. பின்னால் வந்த மிஷனரிகளில் சென்னை வேப்பேரியில் பல்லாண்டுகள் வாழ்ந்த பப்ரிஷியஸ், ஜெர்மன் பாடல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். மெட்டு மாறாமல் வார்த்தை மட்டும் மாறியது. இவற்றுக்கு 'ஞானப்பாட்டு' என்று பெயர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் கர்னாடக ராகங்களில் எழுதியவை 'கீர்த்தனை'. இந்த இரண்டு வாய்க்கால்களும் இன்றுவரை தமிழ்த் திருச்சபைகளில் சேர்ந்தே ஓடுகின்றன.

1895-ல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய மிசௌரி லுத்தரன் மிஷன், பிறகு ஆம்பூர், வாணியம்பாடி என்று பரவியது. ஆம்பூரின் பெத்தேஸ்தா மருத்துவமனையும், கன்கார்டியா பள்ளியும் அந்த வழி வந்தவைதான். லுத்தரன் சபை என்றால் ஜெர்மன் மெட்டு இல்லாமலா? பாட்டிகளின் நினைவில் பாக் மெட்டு உட்கார்ந்தது இப்படித்தான்.

சின்ன ஆர்கன்னா எவ்வளவு சின்னது?

பைப் ஆர்கன் என்றதும், சுவர் முழுக்க ஆளுயரக் குழாய்கள் நிற்கும் படம்தான் மனதில் வரும். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் இருக்கும் ஆர்கனில் 33,000-க்கும் அதிகமான குழாய்கள்! ஆனால், பரோக் காலத்தில் வீட்டிலும் சின்னக் கோயில்களிலும் இருந்தது பீரோ அளவு ஆர்கன்தான். சில நேரம் அதைவிடவும் சின்னது.

அதன் கணக்கு எளிது. ஒரு கட்டைக்கு ஒரு குழாய். 49 கட்டைகள் என்றால் ஒரு வரிசைக்கு 49 குழாய்கள். மூன்று வரிசை வைத்தால் 147 குழாய்கள். ஆர்கன் ரெடி. முதல் வரிசையை '8 அடி' என்பார்கள். அதில் மிகத் தாழ்ந்த ஸ்வரத்துக்கு எட்டு அடி நீளக் குழாய் தேவை என்பது பொருள். குழாயின் மேல்வாயை அடைத்துவிட்டால் நாலு அடி நீளத்திலேயே அதே ஸ்வரம் வந்துவிடும். சின்ன ஆர்கன் செய்கிறவர்களின் கெட்டிக்காரத்தனமே இதுதான். அதற்கு மேல் ஒரு ஸ்தாயி உயர்ந்த '4 அடி' வரிசை, இரண்டு ஸ்தாயி உயர்ந்த '2 அடி' வரிசை. இந்தக் கடைசி வரிசையின் கடைசிக் குழாய் ஒன்றரை அங்குலம்தான் இருக்கும்.

கச்சேரியில் கேட்கும் சுருதிப் பெட்டிக்கும் ஹார்மோனியத்துக்கும் ஆர்கன் தூரத்து உறவு. அவற்றில் காற்று பட்டு அதிர்வது உலோக நாக்கு. ஆர்கனின் சாதாரணக் குழாயில் நாக்கே கிடையாது. புல்லாங்குழல் போலக் காற்றே பாடும். அதனால்தான் சின்ன ஆர்கனின் ஒலி காதைக் குத்தாது. ஒவ்வொரு ஸ்வரமும் தொடங்கும்போது 'ச்' என்று மெல்லிய மூச்சுச் சத்தம் கேட்கும். ஒரு மனிதர் வாய் திறந்து பாடத் தொடங்குவதுபோல.

மாமியார், மருமகள், பேத்தி!

பரோக் இசையின் உயிர், ஒரே நேரத்தில் பல குரல்கள் தனித்தனி மெட்டில் நடப்பது. ஒரு கூடத்தில் மாமியார், மருமகள், பேத்தி மூன்று பேரும் ஒன்றாகப் பேசுகிறார்கள். ஆனாலும், யார் என்ன சொன்னார்கள் என்பது தெளிவாகக் காதில் விழுகிறது. அப்படி ஒரு வீடு இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் பாக்கின் 'ஃபியூக்'.

பெரிய ஆர்கனில், பெரிய தேவாலயத்தில், எதிரொலி அந்தப் பேச்சைக் குழப்பிவிடும். சின்ன ஆர்கனில் மூன்று குரலும் பளிச்சென்று கேட்கும். காற்றழுத்தமும் குறைவு என்பதால் குழாய்கள் கத்தாமல் பேசும்.

வாசிப்பவருக்கு இதில் ஒரு சவால் உண்டு. பியானோவில் அழுத்தி அடித்தால் சத்தம் கூடும். ஆர்கனில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். அப்படியானால் ஒரு ஸ்வரத்தை எப்படி முக்கியப்படுத்துவது? அதற்கு முன்னால் ஒரு மயிரிழை இடைவெளி விட வேண்டும். அல்லது, அந்த ஸ்வரத்தைக் கொஞ்சம் நீட்டிப் பிடிக்க வேண்டும். நாகஸ்வரத்தில் துத்துக்காரம் செய்யும் வேலையை, இங்கே விரல் கட்டையைவிட்டு எழும் நேரம் செய்கிறது. கட்டையை எப்போது அழுத்துவது என்பதைவிட எப்போது விடுவது என்பதுதான் வித்தை.

தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தில் இளையராஜா ஒரு படைப்புக்கு வைத்த தலைப்பே 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'.

நுரையீரல் நல்லா இருக்கா?

புதிய ஆர்கன் ஒன்றைச் சோதிக்க பாக்கை அழைத்தால், முதல் வேலையாக எல்லா வரிசைகளையும் திறந்துவிட்டு முழு ஒலியில் வாசிப்பாராம். இதற்கு நல்ல நுரையீரல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வார் என்று அவர் மகன் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த நுரையீரல் எதனால் ஆனது தெரியுமா? ஆட்டுத் தோல்! துருத்தியின் மடிப்புகள், மூலைகள், ஒவ்வொரு கட்டைக்கும் கீழே காற்றை அடைத்து நிற்கும் மூடிகள் என எல்லா இடத்திலும் தோல்தான். ரப்பரும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகும், நல்ல ஆர்கன் செய்கிறவர்கள் தோலைக் கைவிடவில்லை. காற்று கசியாமலும், மடித்து மடித்து விரிந்தாலும் விரிசல் விடாமலும் இருக்க மெல்லிய ஆட்டுத் தோல்தான் சரி.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்குத் தோல் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. குரோம் பதனிடல் வருவதற்கு முன் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் இந்தப் பகுதி டேனரிகளின் மூலதனம். அப்படிப் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் உலகம் சுற்றியது. ஆனால், அதற்கு ஒரு பலவீனமும் இருந்தது. பட்டையால் பதனிட்ட இந்த வகைத் தோல், நிலக்கரிப் புகை கலந்த நகரக் காற்றில் நாளாக நாளாகச் சிவந்து பொடிப்பொடியாக உதிரும். லண்டன் நூலகங்களில் புத்தக அட்டைகள் உதிர்ந்தபோது இந்தக் குறை பெரிதாகப் பேசப்பட்டது. அதனால் ஆர்கன் செய்கிறவர்கள் படிகாரத்தால் பதனிட்ட வெள்ளைத் தோலைத் தேடினார்கள். எந்தத் தோல் எதற்கு என்ற அறிவு அங்கே இசையைக் காப்பாற்றியது. அந்த அறிவுதான் நம் தோல் நகரங்களின் பரம்பரைச் சொத்தும்.

ஒரு ஆர்கன் ஊமையாவதற்குப் பெரும்பாலும் குழாய் காரணம் இல்லை. ஈயமும் தகரமும் கலந்த குழாய் நூற்றாண்டுகள் நிற்கும். முதலில் சாவது தோல்தான். துருத்தியில் சில இடங்களில் தோல் விரிந்துவிட்டால் கருவியே மூச்சிரைக்க ஆரம்பித்துவிடும். தோல் மாற்றத் தெரிந்த கை இல்லையென்றால் அதோடு சரி.

வெயிலும் கரையானும்

தமிழ்நாட்டில் பைப் ஆர்கன் இருக்கும் இடங்கள் கொஞ்சம்தான். சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் இருப்பது 1883-ல் வந்த ஆர்கன். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பீட்டர் கோனாக்கர் நிறுவனம் செய்தது. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ், கதீட்ரல் சாலையின் செயின்ட் ஜார்ஜ் பேராலயம் ஆகியவையும் ஆர்கனுக்குப் பெயர் பெற்றவை.

நம் வெயிலில் ஆர்கனை வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. காற்று சூடானால் குழாயின் ஸ்ருதி ஏறும். 20 டிகிரியில் 440 அதிர்வு தரும் குழாய், வேலூரின் 40 டிகிரி மதியத்தில் சுமார் 455 தரும். பாடுகிறவர்கள் தெரியாமலே அரை ஸ்வரத்தில் பாதிக்கும் மேலே ஏறிப் பாடிக்கொண்டிருப்பார்கள். ஈரப்பதமும் கரையானும் மரப்பாகங்களுக்கு எமன். ஆப்பிரிக்காவின் லம்பரேனேயில் மருத்துவமனை நடத்திய டாக்டர் ஆல்பர்ட் ஸ்வைட்சர், உலகறிந்த பாக் கலைஞரும்கூட. அவருக்குப் பாரிஸ் பாக் சங்கம் பரிசளித்த கால்கட்டை வைத்த பியானோவை, வெப்பமண்டலத்தைத் தாங்குவதற்காகத் துத்தநாகத் தகடு பூசிய பெட்டியில் அனுப்பினார்கள். பகலெல்லாம் அறுவை சிகிச்சை, இரவில் அதில் பாக் பயிற்சி என்று வாழ்ந்தவர் அவர்.

கீபோர்டிலும் முடியும்!

வேலூர், ஆம்பூர் பக்கத் தேவாலயங்களில் இன்று பெரும்பாலும் ஒலிப்பது எலெக்ட்ரானிக் கீபோர்டுதான். அதை வாசிக்கிற பிள்ளைகள் பலருக்கு ஞானப்பாட்டு என்றால் 'இழுவையான பழைய பாட்டு'. கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். ஆர்கன் இல்லாதது இழப்பு என்றால், மெட்டின் அருமை தெரியாமல் போவது அதைவிடப் பெரிய இழப்பு. பாட்டிகளோடு பாட்டும் போய்விடும்.

அதே கீபோர்டில் சின்ன ஆர்கனின் சுவையைக் கொண்டுவரலாம்.

ரிதத்தை நிறுத்திவிடுங்கள். நடுங்கும் 'வைப்ரட்டோ' ஆர்கன் ஒலியை விட்டுவிட்டு, 8 அடிப் புல்லாங்குழல் வகை ஆர்கன் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். சஸ்டெய்ன் பெடலைத் தொடாதீர்கள். ஸ்வரங்களை விரலாலேயே இணைக்கவும் பிரிக்கவும் பழகுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால், 'கிராண்ட் ஓர்க்' (GrandOrgue) என்ற இலவச மென்பொருளில் உண்மையான ஆர்கன்களில் பதிவு செய்த ஒலியையே வாசிக்கலாம்.

தொடங்குவதற்கு ஏற்றது பாக்கின் பி.டபிள்யூ.வி. 691. தன் மூத்த மகன் ப்ரீடமன் கற்றுக்கொள்வதற்காக 1720-ல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் குட்டிப் படைப்பு. கால் கட்டை தேவையில்லை. கை பழகியதும் பி.டபிள்யூ.வி. 727-க்கு வரலாம். அந்தப் பெரிய வெள்ளி மெட்டை வைத்து பாக் ஆர்கனுக்கு எழுதியது இதுதான். இரண்டு, மூன்று நிமிடம்தான் வரும். காலால் வாசிக்க வேண்டிய தாழ்ந்த ஸ்வரங்களை, பக்கத்தில் உட்காரும் தம்பியோ தங்கையோ இன்னொரு கீபோர்டில் வாசித்துவிடலாம்.

அடுத்த பெரிய வெள்ளியில், சபை அந்தப் பாட்டைத் தொடங்கும் முன் யாராவது ஒரு பிள்ளை இதை மெதுவாக வாசித்துப் பார்க்கட்டும். முதல் வரி முடிவதற்குள் பாட்டிகள் உதடசைக்க ஆரம்பித்துவிடுவார்கள்!